நிறம் ஏறாத வாசல்

நொச்சிப்பள்ளத்துக்கு அந்த மார்கழியில் வந்த கூட்டம் மாரியம்மன் நோம்பிக்குக்கூட வந்ததில்லை. கார் நிறுத்த இடமில்லாமல் தண்ணீர் மறந்துபோன பழைய வாய்க்காலுக்குள் இறக்கி நிறுத்தினார்கள். அத்தனை பேரும் வந்தது கோலம் பார்க்க. கோலம் எந்த ஊரில் இல்லை என்று கேட்பீர்கள். இது தானாக நிறம் ஏறுகிற கோலம். விடியும்போது எல்லா வாசலிலும் வெள்ளையாகத்தான் போடுவார்கள். வெயில் ஏற ஏற ஒரு வாசல் மஞ்சளாகும், அடுத்தது செம்பருத்திச் சிவப்புக்குப் போகும். தெருக்கோடியில் பேபி வீட்டு வாசல் மயில் கழுத்து நீலத்தில் தகதகக்கும். பார்த்தவர்கள் அசந்துபோய் நின்றார்கள். சென்னையிலிருந்து வந்தவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக அசந்து நின்றார்கள், அவர்களைப் படம் எடுக்க ஆள் இருந்ததால்.

இந்த வேலையைச் செய்தவள் நாச்சம்மை. ஓவியர், ஊர் காரைக்குடிப் பக்கம், பிழைப்பு சென்னையில். கடையில் விற்கும் வண்ணத்தைத் தொடாதவள். மண், பட்டை, இலை, கடுக்காய் என்று கையில் கிடைத்ததை வைத்தே பெயர் வாங்கியவள். அவள் கண்காட்சிகளுக்கு வந்தவர்கள் செத்துக்கொண்டிருக்கும் ஆறுகளின் படத்துக்கு முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். வருஷக்கணக்காக இதையே பார்த்து அவளுக்கு உள்ளே எரிந்துபோயிருந்தது. இந்தத் தடவை பாராட்டிவிட்டு நகர முடியாதபடி ஒன்று செய்கிறேன் என்று சபதம் எடுத்துக்கொண்டுதான் சாயப்பட்டறைகள் சூழ்ந்த இந்த ஊருக்கு வந்தாள். ஒரு தெருவையே கண்காட்சியாக்கினாள்; பணம் போட்டு ஏற்பாடு செய்தவர்கள் சிறந்த கோலத்துக்கு ஒரு பரிசும் வைத்தார்கள்.

பொடியைச் செய்து கொடுத்தவன் ஃபெலிக்ஸ். அவளோடு கல்லூரியில் படித்தவன், நுண்ணுயிர்களை வளர்ப்பது அவன் தொழில். பச்சரிசி மாவில் அவன் கலந்திருந்த உயிர் கண்ணுக்குத் தெரியாது. மாவைத் தின்று வாழும். தண்ணீரில் கெட்ட உலோகமோ உப்போ இருந்தால் அதை உறிஞ்சி நிறமாக்கும். கொஞ்சம் கெட்டிருந்தால் மஞ்சள், இன்னும் கெட்டால் சிவப்பு. நீலம் என்றால் அந்தத் தண்ணீரில் துணிகூடத் துவைக்கக் கூடாது.

தெருப் பெண்களுக்கு இது தெரியாது. "உங்க மண்ணும் தண்ணியும் பேசற கோலம்" என்று மட்டும்தான் நாச்சம்மை சொல்லியிருந்தாள். விதியும் ஒன்றுதான்: வாசல் தெளிக்கும் தண்ணீர் அவரவர் வீட்டுக் கிணற்றிலிருந்து வர வேண்டும்.

"அந்த நீலம் என்னன்னு தெரிஞ்சா பேபியம்மா அதுமேல உக்காந்து போட்டோ எடுத்துக்குவாங்களா?" என்று ஃபெலிக்ஸ் கேட்டான். வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டு மொட்டைமாடியில் நின்று இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கடைசி நாள் சொல்லத்தானே போறோம். டிவி, பத்திரிகை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து ஆள் எல்லாரும் நிக்கும்போது, இவ்வளவு நேரம் நீங்க ரசிச்சது விஷத்தைன்னு சொல்லணும். அப்பத்தான் சுருக்குன்னு ஏறும்."

"அவங்களுக்கு ஏறும். இங்க இருக்கறவங்களுக்கு?"

"நீ பொடியைப் பாரு ஃபெலிக்ஸ், மத்ததை நான் பாத்துக்கறேன்."

அவன் பொடியைப் பார்க்கப் போனான். கீழே தெருவின் நடுவில் ஒரு வாசல் மட்டும் போட்டது போட்டபடி வெள்ளையாகவே கிடந்ததை அவன்தான் முதலில் கவனித்தான்.

அது துளசிமணி வீட்டு வாசல். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள், புருஷன் வேன் ஓட்டுகிறவர், கல்யாண வயதில் கயல்நிலா என்று ஒரு மகள். கோலத்தில் தெருவில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கம்பி இழுத்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அப்படிப்பட்டவள் வாசலில்தான் நிறம் ஏற மாட்டேன் என்றது.

நாச்சம்மை போய் நின்றபோது துளசிமணி நிலைப்படியில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க, எனக்கு மட்டும் மக்கிப்போன பொடியக் குடுத்துட்டீங்களா?"

"எல்லாருக்கும் ஒரே பொடிதாங்க."

"அப்பறம் என்னங்க. புள்ளி சரியாத்தான் வெச்சேன். எறும்பு மட்டும் நல்லா வருது. வேற எந்த வாசலுக்கும் போகாத எறும்பெல்லாம் இங்கதான் வருதுங்க."

நாச்சம்மை குனிந்து பார்த்தாள். கோலத்தின் ஓரமெல்லாம் எறும்புகள் மாவைச் சுமந்துகொண்டு சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. சட்டென்று நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க."

துளசிமணி உள்ளே கேன் பக்கம் போனாள்.

"அது வேண்டாம். கிணத்துத் தண்ணி குடுங்க."

"அய்ய, அத யாருங்க குடிப்பா? வாசத் தெளிக்கவும் பாத்திரம் வெளக்கவுந்தானுங்க. நான் கண்ணாலமாகி இங்க வந்ததுலருந்தே கேன் தண்ணிதான்."

"பரவால்லை, குடுங்க."

துளசிமணி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே சேந்திக் கொடுத்தாள். நாச்சம்மை சொம்பைத் தூக்கி முழுக்கக் குடித்தாள். தண்ணீருக்கு ருசி உண்டு என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லிச் சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். போகும்போது ஒரு பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக்கொண்டும் போனாள். அந்தக் கூத்தை அன்று சாயங்காலமே துளசிமணி பேபியிடம் சொல்லி, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஃபெலிக்ஸ் பாட்டிலைச் சோதித்துப் பார்த்தான். நம்பாமல் மறுபடியும் சோதித்தான்.

"ஊத்து உயிரோட இருக்கு நாச்சம்மை. அடியில எங்கயோ ஒரு பாறை குறுக்க விழுந்து தடுத்திருக்கு. பட்டறை விஷம் அந்தக் கிணத்துக்குள்ள வரவே இல்லை. தெரு பூரா இறைச்சுக் குடிக்கலாம்."

"ஒரே ஒரு கிணறு."

"ஒண்ணு போதும். சட்டம் அப்படித்தான் சொல்லுது."

அந்த வருஷங்களில் அப்படி ஒரு சட்டம் இருந்தது. ஒரு குடியிருப்பில் உயிருள்ள ஊற்று ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும், அதைச் சுற்றி எந்தப் பட்டறையும் கழிவு விடக்கூடாது. விட்டதை அள்ளியும் ஆக வேண்டும். ஒன்றுகூட இல்லையென்றால் அந்த இடத்துக்குத் தீர்ந்த நிலம் என்று பெயர் எழுதிவிடுவார்கள். அப்புறம் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொட்டலாம், கேட்க நாதியில்லை. ஜனங்களைக் காப்பாற்றப் போட்ட சட்டம் என்றுதான் அறிவித்தார்கள். நொச்சிப்பள்ளத்தின் கணக்கைத் தீர்க்க வாரியத்து அதிகாரி கண்காட்சியின் கடைசி நாளில்தான் வருவதாக இருந்தார். நாள் குறித்தவள் நாச்சம்மையேதான்.

"இன்னைக்கே அவரைக் கூப்பிடு" என்றான் ஃபெலிக்ஸ்.

"இன்னைக்குக் கூப்பிட்டா சாயங்காலத்துக்குள்ள பட்டறைக்காரங்களுக்குச் சேதி போயிடும். அவனுங்க ஆள் வச்சுக் கிணத்துல எதையாவது கலந்துட்டா என்ன பண்ணுவே? அத்தனை கேமரா முன்னாடி திறந்து காட்டினாத்தான் கை வைக்க முடியாது."

இதில் நியாயம் இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த நியாயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதுவும் அவளுக்குத் தெரியும். நிறம் நிறமாய் எரிகிற தெருவைக் காட்டி முடித்து, கடைசியில் ஒரே ஒரு வெள்ளைக் கோலத்தைத் திறந்து, இதுதான் உயிர் என்று சொல்கிற அந்த நொடி அவளுக்கு வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் அதற்காகத்தானே காத்திருந்தாள்.

"சரி, துளசிமணிகிட்ட மட்டுமாவது சொல்லிடு. அவங்க கிணறு."

"அவங்ககிட்டச் சொன்னா பேபிக்குத் தெரியும். பேபிக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். இவங்க வாயெல்லாம் உனக்குத் தெரியாது."

ஃபெலிக்ஸ் பாட்டிலை மூடி வைத்தான். "இவங்களுக்காகத்தான் வந்தோம்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

நாட்கள் போகப் போகத் தெரு களைகட்டியது. வந்தவர்கள் எல்லாம் மஞ்சள் வாசலில் நின்றார்கள், சிவப்பு வாசலில் நின்றார்கள், பேபி வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். துளசிமணி வாசல் வந்ததும் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு தாண்டிப் போனார்கள். பேபி நல்லவள்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. "ஏன் துளசி, உன்ற வாசல் எழவு வுழுந்த ஊடு மாதிரி இருக்குதே, கொஞ்சம் மஞ்சத் தூளாச்சும் தூவக் கூடாதா?" என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். துளசிமணியும் சேர்ந்து சிரித்தாள். உள்ளே போய் அடுப்படியில் நின்று அழுததை மகள் மட்டும் பார்த்தாள்.

அது பொறுத்துக்கொள்கிற விஷயம். அடுத்து வந்ததுதான் தாங்கவில்லை. கயல்நிலாவைத் தையில் பெண் பார்க்க வருவதாக இருந்த தாராபுரத்து மாப்பிள்ளை வீட்டில் வீடியோ பார்த்துவிட்டு, "நீங்க அந்த வெள்ளை வாசல் வீடுங்களா?" என்று போனில் கேட்டார்களாம். விளையாட்டாகத்தான் கேட்டார்களாம். பெண்ணைப் பெற்றவளுக்கு அதில் விளையாட்டு ஏது.

அன்று துளசிமணி நாச்சம்மையைத் தேடி வந்தாள். வேலைக்குப் போகிற சேலையில், டிபன் பையோடு, படியிலேயே நின்றாள்.

"ஏனுங்க, என்ற வாசல்ல என்ன கொறைன்னு சொல்லிப் போடுங்க. தெரிஞ்சுட்டா மனசு ஆறிப்போகும்."

நாச்சம்மைக்கு வாய் வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கினாள்.

"குறையே இல்லைங்க. இந்தக் கண்காட்சியிலேயே நீங்கதான் முக்கியம். கடைசி நாள் எல்லார் முன்னாடியும் சொல்றேன், அதுவரைக்கும் பொறுத்துக்கங்க."

"முக்கியம்னா, சிரிக்கறதுக்குங்களா?"

"ஐயோ, அப்படியில்லை. என்னை நம்புங்க."

துளசிமணி பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் கேக்கறனுங்க. நெறம் வர்றது தண்ணியாலதானுங்களே? பட்டறைக் காவாய் ஓரத்து ஊட்டுக்காரங்களுக்குத்தான் நல்லா எடுக்குது. நான் பாத்துட்டேன்."

"ஆமா, தண்ணியாலதான்."

"பேபியக்கா கெணத்துலருந்து ஒரு கொடம் மொண்டுக்கிட்டு வந்து தெளிச்சா?"

"கூடாதுங்க. அவங்கவங்க கிணத்துத் தண்ணிதான். அதுதானே விதி."

"சரிங்க" என்றாள் துளசிமணி. அவள் விதியை மீறுகிற ஜாதி இல்லை. கம்பெனியில் ஒரு நூல்கண்டைக்கூட வீட்டுக்கு எடுத்து வந்தது கிடையாது.

கடைசி நாள் வந்தது. தெருவில் கால் வைக்க இடமில்லை. வாரியத்து அதிகாரி திருமூர்த்தி வந்திருந்தார். சாந்தமான மனிதர், நெற்றியில் விபூதி, கையில் சோதிக்கிற கருவி இருந்த பெட்டி. நாச்சம்மை துளசிமணி வாசலை மட்டும் விடிந்ததும் மூங்கில் சட்டம் கட்டித் துணியால் மூட வைத்திருந்தாள். கோலம் போட்டவுடனே ஆட்கள் மூடிவிட்டார்கள், அப்போது அது வெள்ளையாகத்தான் இருந்தது.

அவள் ஒவ்வொரு வாசலாக அதிகாரியையும் கூட்டத்தையும் அழைத்துக்கொண்டு வந்தாள். இது மஞ்சள், இது சிவப்பு, இது நீலம் என்றாள். பிறகு நின்று, ஒவ்வொரு நிறமும் எந்த விஷம் என்று சொன்னாள். கோலத்தின்மேல் நின்றிருந்த ஒருவர் செருப்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். பேபி தன் வாசலையும் தன் உள்ளங்கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். நாச்சம்மை நினைத்தபடியே எல்லோருக்கும் சுருக்கென்று ஏறியது.

"ஆனா இந்த ஊர் இன்னும் சாகலை" என்றாள். "நீங்க எல்லாரும் தாண்டிப் போன ஒரு வாசல் இருக்கு. விஷமே இல்லாத தண்ணியில நிறம் ஏறாது. பாருங்க."

துணியை இழுத்தாள்.

நீலம். பேபி வாசலெல்லாம் அதற்கு முன்னால் வெளுத்துப்போனது என்று சொல்ல வேண்டும். அந்தத் தெரு அதுவரை பார்க்காத நீலம், உள்ளே பச்சை ஓட, கம்பி கம்பியாக மின்னியது. கூட்டம் ஒரு கணம் திகைத்துவிட்டு, அவள் சொன்னது எல்லாவற்றையும் மறந்து கை தட்டியது. கோயமுத்தூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், இந்த நிறம் சேலையில் வருமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

நாச்சம்மை எறும்பைத் தேடினாள். ஒன்றுகூட இல்லை.

துளசிமணி நிலைப்படியில் நின்றிருந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. அலங்காரம் முடித்து அப்போதுதான் வெளியே வந்திருந்ததால் நாச்சம்மை விஷத்தைப் பற்றிப் பேசிய எதுவும் அவள் காதில் விழவில்லை. இந்த மார்கழி முழுக்க இல்லாத சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது.

"என்ன பண்ணீங்க?" என்றாள் நாச்சம்மை.

"தப்பு ஒண்ணும் பண்ணலீங்க. அடுத்த ஊட்டுத் தண்ணி ஒரு சொட்டுத் தெளிக்கல. என்ற கெணத்துத் தண்ணிதானுங்க, நீங்க சொன்னாப்பல." துளசிமணி கிட்டே வந்து, ரகசியம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "பட்டறைக் கழிவு டேங்கர் ஓட்டற பையன் ஒருத்தன் எங்கூட்டுக்காரருக்குப் பழக்கமுங்க. கொட்ட எடமில்லாம ஊர் ஊராச் சுத்தறான். என்ற கெணத்துல ஊத்திக்கடான்னேன். நேத்து மத்தியானம் எல்லாரும் சோத்துக்குப் போன நேரத்துல முழு டேங்கரையும் ஊத்திட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனானுங்க. அந்தக் கெணறு சும்மாதானுங்களே கெடந்துச்சு."

ஃபெலிக்ஸ் கிணற்றடிக்கு ஓடினான். எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டான்.

அதிகாரி தண்ணீரை எடுத்து, கருவியில் விட்டு, திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நாச்சம்மை அவர் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள்: "சார், எங்ககிட்ட முன்னாடி எடுத்த தண்ணி இருக்கு. சுத்தமான தண்ணி சார், பாட்டில் இருக்கு."

"வாரியத்து ஆள் நேர்ல எடுக்காத தண்ணி செல்லாதுங்களே" என்றார் திருமூர்த்தி. உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். "அன்னைக்கே ஒரு போன் போட்டிருந்தீங்கன்னா நான் அன்னைக்கே வந்திருப்பேன். எனக்கென்னங்க, பக்கத்து ஊர்லதான் இருக்கேன்."

அப்புறம் அவர் கருவியின் பக்கம் திரும்பினார். நொச்சிப்பள்ளம் தீர்ந்த நிலம் ஆனது. அதற்கு மேளதாளம் எதுவும் இல்லை, திரையில் ஒரு இடத்தில் விரலை வைத்தார், அவ்வளவுதான். போகும்போது கண்காட்சி பிரமாதம் என்று நாச்சம்மைக்குக் கைகூப்பினார்.

பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்று ஏற்பாடு செய்தவர்கள் நின்றார்கள். முதல் பரிசு யாருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கேன் தண்ணீர்க் கம்பெனி ஒன்று கொடுத்த பரிசு அது: ஒரு வருஷத்துக்குத் தண்ணீர் இலவசம். அடையாளத்துக்கு ஒரு கேனுக்கு ரிப்பன் கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். அதை நாச்சம்மை கையால்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள், கொடுத்தாள். போட்டோ எடுத்தார்கள். கயல்நிலா அந்தப் போட்டோவை அங்கேயே தாராபுரத்துக்கு அனுப்பினாள்.

கூட்டம் கரைந்த பிறகும் நாச்சம்மை அந்த வாசலை விட்டு நகரவில்லை. வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

"கடைசி நாள் சொல்றேன்னீங்களே" என்றாள் துளசிமணி. கேன் பக்கத்தில், நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். "அத்தனை நாளும் என்ற வாசல் ஏன் வெள்ளையாவே கெடந்துச்சுன்னு."

நாச்சம்மை ஃபெலிக்ஸைப் பார்த்தாள். அவன் உதவிக்கு வரவில்லை. பொடி மக்கிப்போனது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிடலாம், அது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் பேபி ஏற்கெனவே தெருக்கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள், அவள் எல்லாவற்றையும் கேட்டவள். நாச்சம்மை சொன்னாள். நிறம் என்றால் என்ன, வெள்ளை என்றால் என்ன, ஊற்று, சட்டம், அதிகாரி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. இத்தனை நாளில் எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருக்கக் கூடிய அளவுதான் அது.

துளசிமணி கேட்டு முடித்தாள். பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"குடிக்கற தண்ணிங்களா அது?"

"ஆமாங்க."

"பேபியக்காவெல்லாம் வந்து மொண்டுக்கிட்டுப் போயிருக்கலாமுங்களா?"

"தெரு பூராவும்."

பேபி வந்து சுவரோரம் நின்றாள். அவள் வாய் சும்மா இருந்து அந்தத் தெரு அன்றுதான் பார்த்தது.

"அன்னைக்கு நீங்க வாங்கிக் குடிச்சீங்க" என்றாள் துளசிமணி. "ஒரு சொம்பு. கேன் தண்ணி வேண்டாம்னுட்டு. நான் பட்டணத்துக் கிறுக்குன்னு அக்காகிட்டச் சொல்லிச் சிரிச்சேனுங்க."

நாச்சம்மை தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரிஞ்சேதான் குடிச்சிருக்கீங்க."

திட்டியிருந்தால் தேவலை என்று நாச்சம்மைக்கு இருந்தது. வசவை வாரியிறைத்து, மண்ணை அள்ளித் தூற்றியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். துளசிமணி அதெல்லாம் செய்யவில்லை. எழுந்து உள்ளே போனாள். அதே சொம்போடு வந்தாள். கேனின் ரிப்பனை அவிழ்த்து, மூடியைத் திருகி, சொம்பு நிறையச் சாய்த்து நீட்டினாள்.

"வெயில்ல நின்னுக்கிட்டிருக்கீங்க, குடிங்க" என்றாள். "இதுல ருசியெல்லாம் இருக்காதுங்க."